பழைய லீவர் எஸ்பிரெசோ மெஷின்: கெடுப்பது பட்டன் மெஷின் பழக்கம்தான்

பழைய லீவர் மெஷினைக் கெடுப்பவர்களில் பாதிப் பேர் காபி தெரியாதவர்கள் இல்லை. பட்டன் மெஷினில் நன்றாகப் பழகியவர்கள். அங்கே பம்ப் அழுத்தம் தரும், காபி இறங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை ஒரு வால்வு தானாக வெளியே தள்ளிவிடும், தண்ணீர் தீர்ந்தால் விளக்கு எரியும். 1960களில் வந்த, லா பவோனி கம்பெனியின் யூரோபிக்கோலா மாதிரி ஒரு லீவர் மெஷினில் இதெல்லாம் கிடையாது. ஒரு பாய்லர், உள்ளே ஹீட்டிங் காயில், ஒரு பிஸ்டன், ஒரு கைப்பிடி. மிச்ச வேலையெல்லாம் நம்முடையது.

வாங்கி வந்ததும் பிளக்கைச் சொருகிப் பார்ப்பதுதான் முதல் தவறு. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள். 110 வோல்ட் காயிலை 230 வோல்ட்டில் போட்டால் நான்கு மடங்குக்கும் மேல் சூடேறி நிமிடங்களில் போய்விடும். வயர் இறுகி வெடித்திருக்கிறதா, உலோக உடம்பு எர்த்தோடு சரியாக இணைந்திருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது கட்டாயம், ஏனென்றால் நீங்கள் ஈரக் கையோடு தொடப்போவது தண்ணீர் நிறைந்த ஓர் உலோகப் பாத்திரத்தை. போட்டவுடன் வீட்டு பிரேக்கர் விழுகிறது என்றால் காயிலில் மின்கசிவு இருக்கலாம். பிரேக்கரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்ப்பது பரிசோதனை ஆகாது.

அடுத்தது தண்ணீர். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்விட்ச். பழைய மெஷின்கள் பலவற்றில் தண்ணீர் இல்லாமல் காயில் எரிந்தால் தடுக்க எதுவும் இல்லை. அதற்காக விளிம்பு வரை ஊற்றவும் கூடாது, நீராவிக்கு மேலே இடம் வேண்டும். யூரோபிக்கோலாவின் பாய்லர் சுமார் 800 மில்லிதான், நான்கைந்து கப்புக்கும் கொஞ்சம் பாலுக்கும் மேல் தாங்காது. நடுவில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, விருந்தாளி காத்திருக்கிறார் என்று சூடான பாய்லரின் மூடியைத் திருகுகிறார்கள் பாருங்கள், அதுதான் இந்த மெஷினில் செய்யக்கூடிய ஆக மோசமான காரியம். 0.8 பார் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 117 டிகிரி. மூடி விலகி அழுத்தம் விட்ட நொடியில் அது மொத்தமாகக் கொதித்து மேலே பாயும். ஸ்விட்சை அணைத்து, ஸ்டீம் குழாயைத் திறந்து, சீறல் முழுக்க அடங்கிய பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். அப்போதும் மெதுவாகத்தான்.

சேஃப்டி வால்வு அடிக்கடி சீறுகிறதே என்று அதை இறுக்கி வைப்பவர்களும் உண்டு. சீறுவது அதன் வேலை. அழுத்தத்தைப் பார்த்துத் தானாக நிறுத்தும் பிரஷர்ஸ்டாட் இல்லாத ஆரம்ப கால மாடல்களில் ஸ்விட்ச் இரண்டு நிலையில் இருக்கும். அதிகத்தில் போட்டுக் கொதிக்க வைத்து, குறைவுக்கு மாற்ற வேண்டியது நாம்தான். மாற்ற மறந்தால் வால்வு சீறும். உண்மையில் பயப்பட வேண்டியது சீறவே சீறாத வால்வுக்குத்தான். உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

சூடாகிவிட்டது, அழுத்தமும் வந்துவிட்டது, லீவரைத் தூக்கினால் காபி ஏனோ சப்பென்று இருக்கிறது. பல நேரம் அது பொய் அழுத்தம். தண்ணீர் ஊற்றி மூடும்போது உள்ளே மாட்டிய காற்று சூட்டில் விரிந்து அழுத்தத்தைக் காட்டும், பிரஷர்ஸ்டாட்டும் அதை நம்பிக் காயிலை நிறுத்திவிடும், ஆனால் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வந்திருக்காது. முதல் முறை அழுத்தம் ஏறியதும் ஸ்டீம் குழாயைத் திறந்து, துப்பித் துப்பி வரும் காற்று போய் உலர்ந்த நீராவி சீராக வரும்வரை விட்டு மூடுங்கள். அப்புறம் மறுபடி ஏறுவதுதான் நிஜம்.

இதற்கு நேர் எதிரான கோளாறு, சூடு மிஞ்சுவது. பழைய யூரோபிக்கோலாவில் காபி இறங்கும் குரூப் பகுதி பாய்லரோடு நேராக ஒட்டி நிற்கிறது. முதல் காபி அருமை, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது கருகல். கொட்டையைக் குறை சொல்லி மாற்றிப் பயனில்லை. காலையிலேயே போட்டுவிட்டு மத்தியானம் வரை எரியவிடுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். சூடானதும் போட்டுக் குடித்துவிட்டு அணைத்துவிட வேண்டும். அடுத்தடுத்து போட வேண்டியிருந்தால் குரூப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சூட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்கிறது.

சரி, லீவருக்கு வருவோம். இரண்டு வகை இருக்கிறது, ஒன்றின் பழக்கம் மற்றதில் ஆபத்து. யூரோபிக்கோலா வகையில் கைப்பிடியை மேலே தூக்கினால் வெந்நீர் காபிக்கு மேல் இறங்கும், கீழே அழுத்தினால் அழுத்தம், அந்த அழுத்தம் முழுக்கக் கை பலம். ஆக்கில்லே காஜியா 1940களின் கடைசியில் புகழ்பெறச் செய்த ஸ்பிரிங் வகையில் கைப்பிடியைக் கீழே இழுப்பது ஸ்பிரிங்கைச் சுருக்கத்தான். விட்டதும் ஸ்பிரிங் காபியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக மேலே ஏறும். மெதுவாக ஏறுவது காபி தடுப்பதால். காபியே போடாமல், அல்லது ரவை மாதிரி அரைத்துப் போட்டு, கீழே இழுத்த கைப்பிடியை விட்டால் அது பறந்து வந்து தாடையில் அடிக்கும். பல் போனவர்கள் கதை சும்மா சொல்வதில்லை. எதிர்ப்பு வருகிறது என்று கைக்குத் தெரியும்வரை பிடியை விடாதீர்கள், முகத்தை அதன் பாதையில் நீட்டாதீர்கள்.

கைபல வகையில் நடக்கும் தவறு வேறு. அரைப்பு ரொம்ப நைசாகி லீவர் இறங்க மறுக்கும்போது உடம்பு எடையையே அதன் மேல் போடுவார்கள். மெஷினின் பின்பக்கம் மேடையிலிருந்து எழும்புகிறது, இன்னொரு கை அதைப் பிடித்திருக்கிறது என்றால் நிறுத்திவிடலாம், அந்தக் காபி போனது போனதுதான். அடுத்த முறை அரைப்பைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். லீவரைத் தூக்கியதும் அவசரப்பட்டு உடனே அழுத்துவதும் வேண்டாம். சில நொடிகள் மேலேயே பிடித்திருந்தால் தண்ணீர் நிறைந்து, தூள் ஊறி, அடியில் முதல் சொட்டுகள் தென்படும். அப்போது இறக்குங்கள். பாதியில் காபி போதவில்லை என்று விருட்டென்று மறுபடி தூக்குவது இன்னும் கெடுதல். பிஸ்டன் ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, அழுத்தி வைத்த தூள் வட்டு மேலே உறிஞ்சப்பட்டு விரிசல் விடும், பொடியும் சிலிண்டருக்குள் போய், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீல்களை அரம்போல் தேய்க்கும்.

காபி இறங்கி முடிந்தது. இங்கேதான் பட்டன் மெஷின் பழக்கம் நேராகக் கையைச் சுடும்: உடனே போர்ட்டாஃபில்டரை, அதாவது காபித்தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடியை, திருப்பிக் கழற்றுகிறார்கள். உள்ளே அழுத்தம் அப்படியே நிற்கிறது, வெளியேற்ற வால்வு இல்லை. சூடான ஈரத்தூள் சுவர், சட்டை, முகம் எல்லா இடத்திலும் தெறிக்கும். அரை நிமிடமாவது விடுங்கள், பிறகு ஒரு துளி மட்டும் திருப்பி நிறுத்துங்கள், புஸ் என்று காற்று போகும், போனதும் கழற்றுங்கள். கைபல வகையில் கழற்றும் முன் லீவரைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், பாய்லரிலிருந்து புதிதாகத் தண்ணீரும் அழுத்தமும் இறங்கும்.

பால் நுரைப்பவர்களுக்கு ஒன்று. ஸ்டீம் குழாயைப் பாலுக்குள் வைத்தபடி மெஷினை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், வால்வு சரியாக மூடாமல் இருந்தால் பால் உள்ளே போய்விடும். பாய்லருக்குள் புளித்த பாலின் வாசனையைப் போக்குவது பெரும்பாடு.

பராமரிப்பில் அதிகம் பார்க்கும் தவறு, ஓட்டையில்லாத கூடையில் சோப்புப் பவுடர் போட்டுப் பின்னோக்கிக் கழுவுவது. பட்டன் மெஷினில் சரி, அங்கே அழுக்குத் தண்ணீர் போக வழி இருக்கிறது. லீவரில் அந்த வழியே இல்லை, பவுடர் சிலிண்டரில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டுப் போகும், அவ்வளவுதான் லாபம். குரூப்பின் அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றித் துடைத்தால் போதும்.

பிஸ்டன் தண்டைச் சுற்றி மேலே தண்ணீர் கசிந்தாலோ, லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினாலோ சீல் தேய்ந்துவிட்டது. பழையது பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியாது. கழற்றும் முன் அதன் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் புதிய சீலும் கசியும். கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும், மரக்குச்சியோ பிளாஸ்டிக்கோ போதும். சமையல் எண்ணெயும் வாசலினும் தடவ வேண்டாம். எண்ணெய் பிசுபிசுப்பாகிக் காறும், பெட்ரோலிய வகைகள் சில ரப்பர்களை ஊத வைக்கும். உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக.

உப்பு நீக்க சிட்ரிக் அமிலம் போதும், ஆனால் ராத்திரி முழுக்க ஊறவிடுவது அதிகப்பிரசங்கித்தனம். அமிலம் படிவைத் தின்று முடித்ததும் உலோகத்தைத்தான் தின்னும். பழைய பித்தளையில் ஈயம் கலந்திருக்கும், பற்றவைப்பிலும் இருக்கலாம். உப்பு நீக்கிய உடனே சில போர்ட்டாஃபில்டர் மெஷின்களில் ஈயம் கூடுதலாகத் தண்ணீரில் இறங்குவதை ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013ல் சுட்டிக்காட்டியது. எனவே பல முறை பாய்லரை நிரப்பி, சூடாக்கி, குரூப் வழியாகவும் ஸ்டீம் குழாய் வழியாகவும் விட்டுக் கொட்டுங்கள். ஆரம்பத்திலிருந்தே கடினத்தன்மை குறைந்த தண்ணீர் ஊற்றினால் இந்த வேலை அரிதாகத்தான் வரும்.

கொஞ்ச நாள் ஓரமாக வைப்பதென்றால் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாய்லரைக் கவிழ்த்துக் காலி செய்து, மூடியைத் திறந்தே வைத்து உலரவிடுங்கள். போர்ட்டாஃபில்டரையும் குரூப்பில் இறுக்கி மாட்டி வைக்க வேண்டாம், இடையில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் அந்த வடிவத்திலேயே அமுங்கி நின்றுவிடும்.