அட்லாண்டிக்ஸ் படத்த எப்படி பாக்கறது: பேய விட்டுட்டு சம்பள பாக்கியப் புடிச்சுக்கோங்க

அட்லாண்டிக்ஸ் செனகல் படம், 2019ல வந்தது, எடுத்தவங்க மாட்டி டியோப். பிரான்ஸ்ல நடக்கற கான் திரைப்பட விழாவுல ரெண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரி வாங்குச்சு, அங்க போட்டிப் பிரிவுல இடம் புடிச்ச முதல் கறுப்பினப் பெண் இயக்குநர் இவங்கதான், அப்புறம் நெட்ஃப்ளிக்ஸ் வாங்கிருச்சு. அவார்டு வாங்கின படமாச்சேன்னு போட்டுட்டு முதல் அரை மணிநேரத்துல "ஒண்ணுமே நடக்கலயே"ன்னு நிறுத்தினவங்களத் தெரியும், பேய் வந்ததும் "லவ் ஸ்டோரின்னுதானே சொன்னீங்க"ன்னு கோவிச்சுகிட்டவங்களையும் தெரியும். ரெண்டு கூட்டத்துக்கும் சேத்துதான் இத எழுதறேன்.

மொதல்ல ஆடியோ. படம் வோலோஃப் மொழியில இருக்கு, நடுநடுவுல பிரெஞ்சு வரும். டப்பிங் ஓடுச்சுன்னா உடனே மாத்தி ஒரிஜினல் ஆடியோ, சப்டைட்டில்னு வெச்சுக்கோங்க, ஏன்னா நடிச்சவங்கள்ல நெறய பேர் இதுக்கு முன்னாடி கேமரா முன்னாடியே நின்னதில்ல, அவங்க பேசற தொனியிலதான் பாதி நடிப்பு இருக்கு, அத டப்பிங் குரல் தின்னுடும். ரெண்டாவது, பகல்ல மொபைல்ல பாக்காதீங்க. க்ளேர் மாத்தோன் ஒளிப்பதிவு, ராத்திரி காட்சியெல்லாம் நெஜமாவே இருட்டு, க்ளப்புல பச்ச லேசர் புள்ளி மட்டும் மூஞ்சிமேல ஓடும், வெளிச்சத்துல உக்காந்து பாத்தா கறுப்புத் திரையத்தான் பாப்பீங்க. ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க, ஃபாத்திமா அல் காதிரியோட எலக்ட்ரானிக் மியூசிக்கும் அலை சத்தமும் எங்க பிரியுது எங்க சேருதுன்னே தெரியாது, பேய் வரப்போகுதுங்கறத உங்களுக்கு முன்கூட்டியே சொல்றது அந்த சத்தம்தான்.

அடுத்து கொஞ்சம் பின்னணி, இது இல்லாம உக்காந்தா படத்துல ஒரு முக்கியமான விஷயம் கண்ணுல படாமலே போயிடும். செனகல் கடற்கரையில மீன்புடிக்கிற நீளமான மரப்படகுக்கு பிரோக்னு பேரு. பொழப்பு தேடி ஐரோப்பா போக நெனைக்கற பையனுங்க அதுல ஏறி ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளுக்குப் போறாங்க, செனகல் தலைநகரம் டக்கார்ல இருந்து சுமார் 1500 கிலோமீட்டர், திறந்த கடல். 2006ல மட்டும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில இருந்து 30 ஆயிரம் பேருக்கு மேல இப்படி அந்தத் தீவுகளுக்குப் போய்ச் சேந்தாங்க, சேராம போனவங்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. அப்போ பையனுங்க சொல்லிகிட்டுத் திரிஞ்ச கோஷம் "பார்சா வல்லா பர்சாக்", பார்சிலோனா இல்லன்னா மறுமை. இத மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா படத்துல யாரும் உக்காந்து இதையெல்லாம் விளக்க மாட்டாங்க.

இப்போ படம். ஆரம்பமே ஒரு கட்டுமான இடம், கடலோரத்துல வானத்தத் தொடற மாதிரி ஒரு டவர், வேலை பாக்கற பையனுங்களுக்கு மாசக்கணக்கா சம்பளம் வரல, ஆபீஸ்ல போய் சத்தம் போடறாங்க, ஒண்ணும் கெடைக்காம லாரியில திரும்பறாங்க. இந்த சீன ஃபார்வர்ட் பண்ணவே கூடாது. லவ் ஸ்டோரி எப்போ வரும்னு காத்துகிட்டு இருக்கறவங்க இத "சோசியல் மெசேஜ்"னு ஒதுக்கிட்டுப் போயிடறாங்க, ஆனா அதுக்கப்புறம் படத்துல வர்ற காதல், போலீஸ் விசாரணை, பேய், எல்லாமே இந்தக் கொடுக்காத சம்பளத்துல இருந்துதான் மொளைக்குது. லாரியில மத்தவங்க பாடிகிட்டு வருவாங்க, சுலைமான் மட்டும் கடலையே பாத்துகிட்டு வருவான், அந்த மூஞ்சிய நல்லா பாத்து வெச்சுக்கோங்க, அவன நீங்க நெனைக்கறதவிடக் கம்மி நேரம்தான் பாக்கப்போறீங்க.

அவனோட காதலி ஆடா. அவளுக்கு ஓமர்ங்கற பணக்காரப் பையனோட கல்யாணம் நிச்சயமாயிருக்கு. அன்னைக்கு ராத்திரியே சுலைமானும் கூட்டாளிகளும் சொல்லாம கொள்ளாம படகுல போயிடறாங்க. இங்கதான் நம்ம பழக்கம் வேலை செய்யும், அடுத்து படகக் காட்டுவாங்க, புயல் வரும், கவுரும்னு எதிர்பாப்போம். வராது. கேமரா கரையிலயே பொண்ணுங்களோட நின்னுடும், நீங்களும் அங்கயே நில்லுங்க. கடல் மட்டும் திரும்பத் திரும்ப வரும், காலைல, மத்தியானம், சூரியன் மறையும்போது, ஒவ்வொரு தடவயும் வேற நிறத்துல. ஏதோ அழகுக்கு வெச்ச ஷாட்னு மட்டும் விட்றாதீங்க, ஆடாவுக்கு வந்து சேராத தகவல் அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு.

அவளோட தோழிங்க ரெண்டு வகை, க்ளப்புக்குப் போற ஃபேஷன் கூட்டம் ஒண்ணு, தலைய மூடின பக்தியான கூட்டம் ஒண்ணு. யார் நல்லவங்கன்னு தேடாதீங்க, ரெண்டு பக்கமும் ஆடாவுக்கு வாழ்க்கையப் பத்தி புத்தி சொல்லுது, ரெண்டு புத்தியும் கடைசியில பணக்காரப் புருஷன்கிட்டதான் போய் நிக்குது.

இதுக்கு மேல கதை உடையும், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.

கல்யாண ராத்திரி கட்டில் தீப்புடிச்சதும் படம் திடீர்னு க்ரைம் கதையா மாறும், ஈசான்னு ஒரு இளம் இன்ஸ்பெக்டர் வருவான். சரி, இனி இவன்தான் கண்டுபுடிப்பான்னு அவன் பின்னாடியே போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. யார் வெச்ச தீங்கறதவிட பொழுது சாயும்போதெல்லாம் அவனுக்கு ஏன் ஜுரம் வருதுங்கறத கவனிங்க.

பேய் பாகத்துக்கு ஒரே ஒரு டிப்ஸ்: பயமுறுத்தலன்னு மார்க்க கொறைக்காதீங்க. செனகல்ல லெபு மக்கள் நம்பிக்கையில ஆவி உடம்புல எறங்கறது அன்றாடப் பேச்சுல இருக்கற விஷயம், அந்த ஆவியச் சாந்தப்படுத்த ந்தெப்னு மேளம் அடிச்சு பல நாள் நடத்தற சடங்கே உண்டு, ராத்திரி பொண்ணுங்ககிட்ட காதலனா வர்ற ஆவிக்கு ஃபாரு ராப்னு பேரு. அதனால படத்துல யாரும் ஹாலிவுட் கணக்கா அலற மாட்டாங்க. கடல்ல செத்த பையனுங்க அந்தப் பொண்ணுங்க உடம்புல ஏறி, வெறுங்காலோட, வெள்ளக் கண்ணோட, நடுராத்திரி முதலாளி வீட்டு சோபாவுல வந்து உக்காந்து கேக்கறது என்ன தெரியுமா, சம்பளம். எனக்குத் தெரிஞ்சு இத்தன நியாயமா கோரிக்கை வெக்கிற பேய வேற எந்தப் படத்துலயும் பாக்கல. அதுக்கப்புறம் அந்த ஆள் கையாலயே அவங்களுக்குக் குழி வெட்ட வெப்பாங்க பாருங்க, ஒடம்பு கடலுக்கடியில கெடக்கு, இங்க வெத்துக் குழி.

இந்த சீனுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒரு தேதி தெரிஞ்சா இன்னும் கனமா எறங்கும். 1944 டிசம்பர் 1, டக்கார் பக்கத்துல தியாராய் ராணுவ முகாம். இரண்டாம் உலகப்போர்ல பிரான்சுக்காகச் சண்டை போட்டுட்டுத் திரும்பின ஆப்பிரிக்கச் சிப்பாய்ங்க வரவேண்டிய சம்பளத்தக் கேட்டதுக்கு பிரெஞ்சு ராணுவம் அவங்கள சுட்டுது, எத்தன பேர் செத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓடுது. வேலை வாங்கிட்டு கூலி தராத கதை அந்தக் கடற்கரைக்குப் புதுசு இல்ல.

கடைசி பாகத்துல கண்ணாடியப் பாருங்க. சுலைமான் எறங்கியிருக்கறது ஈசாவோட உடம்புல, கண்ணாடியில தெரியறது சுலைமான். ஆடா யாரத் தொடறாங்கற கேள்விக்கு படம் பதில் சொல்லாம ரெண்டு உருவத்தையும் காட்டிகிட்டே இருக்கும். இந்த இடம் கொஞ்சம் உறுத்தும், எனக்கும் உறுத்துச்சு, ஈசாகிட்ட யாராவது கேட்டாங்களான்னு தோணும். அந்த உறுத்தல அப்படியே வெச்சுக்கறது தப்பில்ல, படம் அழகா இருக்குங்கறதுக்காக எல்லாத்தையும் நியாயப்படுத்தணும்னு கட்டாயமா என்ன.

முடிஞ்சதும் அடுத்து என்ன பாக்கறதுன்னா, இதே இயக்குநரோட 2009 குறும்படம் அட்லாண்டிக், கடல் தாண்டறதப் பத்தி ராத்திரி நெருப்பு பக்கத்துல பையனுங்க பேசறது, பெரிய படத்தோட விதை அதுலதான். முன்னாடியே பாக்காதீங்க, பின்னாடி பாத்தாதான் அந்தப் பேச்சு அறையும். அதுக்கப்புறம் இவங்க பெரியப்பா ஜிப்ரில் டியோப் மாம்பெட்டியோட 1973 படம் டூக்கி பூக்கி. அதுலயும் டக்கார்ல ஒரு ஜோடி, பாரிஸ் கனவு, ஆனா கப்பல் ஏறிப் போறது பொண்ணு, கரையில நிக்கறது பையன். ரெண்டையும் ஒரே வாரத்துல பாருங்க, வரிசை மட்டும் மாத்தாதீங்க, மாம்பெட்டி படம் வெட்டி வெட்டிப் போற ஸ்டைல், அத மொதல்ல பாத்துட்டு வந்தா அட்லாண்டிக்ஸ் ரொம்ப மெதுவா தெரியும்.