இரைப்பைப் புற்றுநோய்: எந்த உதவியை யாரிடம் கேட்பது

பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டை முதலில் கையில் எடுங்கள். உதவி தேடுவதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 'வயிற்றில் கேன்சர்' என்று வீட்டில் பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும், இரைப்பையில் வருவது எல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலானவை அடினோகார்சினோமா, அதாவது இரைப்பையின் உட்புறச் சுரப்பிச் செல்களில் தோன்றுபவை. லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் தோன்றுவது), ஜிஸ்ட் (இரைப்பைச் சுவரின் தசைப் பகுதியில் தோன்றுவது), நியூரோஎண்டோக்ரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது) ஆகியவையும் அதே இடத்தில் வரும். இவற்றுக்குச் சிகிச்சை வேறு, நோயின் போக்கு வேறு, நோயாளிகளுக்கான அமைப்புகளும் வேறு. ஜிஸ்ட் உள்ளவர் அடினோகார்சினோமா குழுவில் போய்ச் சேர்ந்தால், அங்கே பேசப்படும் கீமோ மருந்துகள் அவருக்குப் பொருந்தாது. தேவையில்லாத பயம்தான் மிச்சம்.

அடுத்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வையுங்கள். நோயின் வகை, இரைப்பையில் எந்தப் பகுதி, எந்த ஸ்டேஜ், அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் தேதி, இரைப்பை முழுவதும் எடுத்தார்களா பாதியா, கீமோ மருந்துகளின் பெயர், கடைசி சைக்கிள் எப்போது, நோய்க்கு முன் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு, வேறு என்ன நோய்கள், எந்த மருந்துக்கு அலர்ஜி. புதிதாகப் பார்க்கும் ஒவ்வொருவரும், டயட்டீஷியன் முதல் ஹெல்ப்லைன் நர்ஸ் வரை, இதையேதான் கேட்பார்கள். தாள் கையில் இருந்தால் அவர்களுடைய நேரம் உங்கள் கேள்விக்குப் போகும். இல்லாவிட்டால் முக்கால்வாசி நேரம் பழைய கதையைச் சொல்வதிலேயே கரைந்துவிடும்.

அதே தாளில், கட்டியின் திசுவில் எடுக்கும் நான்கு டெஸ்டுகளின் முடிவுகளுக்கு இடம் விடுங்கள்: ஹெர்2, எம்எஸ்ஐ (சில லேப்களில் எம்எம்ஆர் என்று இருக்கும்), பிடி-எல்1, கிளாடின் 18.2. நோய் பரவிய நிலையில் எந்த மருந்து உதவும், எந்த ஆய்வுச் சிகிச்சையில் (புதிய சிகிச்சையைச் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரையல்) சேரலாம் என்பது பெரும்பாலும் இந்த முடிவுகளைப் பொறுத்தே இருக்கும். ரிப்போர்ட்டில் காணவில்லை என்றால், "இந்த டெஸ்ட் எடுத்தார்களா டாக்டர்? எடுக்கவில்லை என்றால் எனக்குத் தேவைப்படாதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆரம்ப நிலையில் சிலவற்றை எடுக்காமல் விடுவது உண்டு. அது கவனக்குறைவு அல்ல.

இரண்டாவது கருத்துக்குப் போவதானால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. திசுவைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையோ ஸ்லைடுகளையோ லேபில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். ஸ்கேனுக்கு ஃபிலிம் அல்ல, படங்கள் முழுவதும் உள்ள சிடியோ பென்டிரைவோ வேண்டும். வெளியூர் டாக்டரிடம் போய் உட்கார்ந்த பிறகு இது தெரியவந்தால் ஒரு பயணம் வீண்.

மருத்துவமனைக்குள்ளேயே இருப்பவர்கள்

வெளியே தேடி அலைவதற்கு முன், சிகிச்சை நடக்கும் இடத்திலேயே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பல மருத்துவமனைகளில் டயட்டீஷியன், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், வலி தணிப்புக் குழு எல்லாம் இருக்கும். கேட்காதவரை யாரும் அனுப்பி வைக்க மாட்டார்கள். புற்றுநோய் டாக்டரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்கள் ஸ்கேனுக்கும் மருந்துக்குமே சரியாக இருக்கும். ஆகவே கேள்வியை வார்டு நர்ஸிடமோ கீமோ டே கேர் நர்ஸிடமோ கொண்டுபோங்கள். "உதவி ஏதாவது கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

"கேன்சர் நோயாளிகளைப் பார்க்கிற டயட்டீஷியன் யார், எந்தக் கிழமை வருவார்? டாக்டர் எழுதித் தர வேண்டுமா, நாங்களே போகலாமா?"

"ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்? எடுப்பவர் கேன்சர் வார்டைச் சேர்ந்தவரா, பொது எமர்ஜென்சியா?"

இரண்டாவது கேள்வியைக் கீமோ தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கீமோ நடக்கும் காலத்தில் உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது. பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்றும் இருக்கக் கூடாது. மாத்திரை சூட்டைக் குறைத்துக் காட்டும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அந்த நம்பர் வீட்டில் எல்லோருடைய ஃபோனிலும் இருக்கட்டும்.

சாப்பாடு: பொதுவான ஆலோசனை போதாத இடம்

மற்ற பல கேன்சர்களிலிருந்து இந்த நோய் விலகி நிற்பது இங்கேதான். இரைப்பையை எடுத்தவருக்கு 'சத்தாகச் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. ஒரு வேளைக்கு எவ்வளவு, எதை எதனோடு, தண்ணீர் எப்போது என்பதுதான் அவருடைய கேள்வி. பொதுவாகச் சொல்லப்படுவது இது: நாளைக்கு 6 முதல் 8 சிறு வேளைகள், சாப்பாட்டுக்கும் குடிக்கும் நீருக்கும் நடுவே அரை மணி நேரம், இனிப்பான பானங்கள் வேண்டாம், ஒவ்வொரு வேளையிலும் புரதம். இதற்கு மேல் போனால் ஆளுக்கு ஆள் மாறும். சாப்பிட்டதும் சற்று நேரம் சாய்ந்து படுங்கள் என்று ஒரு கையேட்டில் இருக்கும். நிமிர்ந்தே உட்காருங்கள் என்று இன்னொன்றில் இருக்கும். இரண்டும் தவறில்லை. முதலாவது சாப்பிட்டதும் தலைசுற்றுகிறவருக்கு, இரண்டாவது பித்தநீர் தொண்டைவரை ஏறுகிறவருக்கு. நீங்கள் யார் என்று கையேட்டுக்குத் தெரியாது. டயட்டீஷியனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வாரக் குறிப்பு வேண்டும்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "காலை 8.10, சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர், அவித்த முட்டை ஒன்று. 8.30, வயிறு முறுக்கியது, படபடப்பு, ஒருமுறை பேதி. 10.15, வியர்த்துக் கை நடுங்கியது." இந்த மூன்று வரியில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வருவது முன்கட்ட டம்பிங்: உணவு வேகமாகச் சிறுகுடலில் இறங்கி, குடலுக்குள் நீரை இழுக்கிறது. 1 முதல் 3 மணி நேரம் கழித்து வருவது பின்கட்ட டம்பிங்: சர்க்கரை சட்டென்று ஏறியதால் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை கீழே விழுகிறது. நேரம் எழுதாத குறிப்பில் இரண்டும் 'சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒன்றாகிவிடும்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை தள்ளிப்போடாமல் டயட்டீஷியனை அழையுங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக, மிதந்து, கெட்ட வாடையுடன் போனால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கொழுப்பு செரிக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி. கணைய என்சைம் மாத்திரை தேவையா என்று பார்ப்பார்கள்.

இரைப்பை முழுவதையும் எடுத்தவருக்கு பி12 வாழ்நாள் முழுக்க வேண்டும்; பெரும்பாலும் ஊசியாகவே தருவார்கள். பி12-ஐக் குடல் உறிஞ்சத் தேவையான பொருளைச் சுரப்பது இரைப்பைதான். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, ஓரிரு வருடம் கழித்துக்கூட வரும். அதற்குள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் போவது நின்றிருக்கும்; ஊசியும் நின்றிருக்கும். கால் மரத்துப்போவதை ஆக்சாலிபிளாட்டின் கீமோவின் மிச்சம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே "பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி இவற்றை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்?" என்று கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள்.

சிறுகுடலுக்குள் நேரடியாக உணவு செலுத்தும் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினால், அதைக் கையாளும் நர்ஸின் முன்னால் வீட்டில் இரண்டு பேராவது ஒருமுறை தாங்களே செய்து காட்டிவிட்டு வர வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் எத்தனை மில்லி தண்ணீர் விட வேண்டும், அடைத்துக்கொண்டால் யாருக்குப் ஃபோன், கழன்று வந்துவிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும்: மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். அடைப்பைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

வெளியே உள்ள அமைப்புகள்

இந்த நோய்க்கென்றே இயங்கும் அமைப்புகள் குறைவு. அமெரிக்காவில் டெபிஸ் ட்ரீம் ஃபவுண்டேஷன், நோ ஸ்டமக் ஃபார் கேன்சர், ஹோப் ஃபார் ஸ்டமக் கேன்சர் ஆகியவை உள்ளன. முதலாவதை 2009-இல் தொடங்கிய டெபி ஜெல்மன், நான்காம் ஸ்டேஜ் இரைப்பைப் புற்றுநோய் உள்ளவராக இருந்தார். இரண்டாவது, பரம்பரையாக வரும் வகையில் அழுத்தம் கொடுப்பது. இவற்றின் தகவல்களை எங்கிருந்தும் படிக்கலாம். பணம் சார்ந்த உதவித் திட்டங்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டினருக்கே என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் என்ன இருக்கிறது என்று தேட, ஜெனீவாவிலுள்ள சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியத்தின் உறுப்பினர் பட்டியலில் நாட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

சிகிச்சையைப் புரிந்துகொள்ள இரண்டு ஆவணங்கள் போதும் என்பது எங்கள் கருத்து: அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன் நோயாளிகளுக்கென்று வெளியிடும் இரைப்பைப் புற்றுநோய் வழிகாட்டி, ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான எஸ்மோ வெளியிடும் நோயாளி வழிகாட்டி. இரண்டும் இலவசம். பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். இந்தத் துறையில் மருந்துகள் வேகமாக மாறுகின்றன. ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதங்களைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த எண்கள் பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுடையவை, எல்லா வயதினரையும் சேர்த்துக் கணக்கிட்டவை.

ஆய்வுச் சிகிச்சைகளை கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் தளத்திலும் உலக சுகாதார நிறுவனத்தின் பதிவேட்டிலும் தேடலாம். 'ஆள் சேர்க்கிறார்கள்' என்ற நிலையில் உள்ளதை மட்டும் வடிகட்டுங்கள். பிறகு தகுதி விதிகளில் மூன்றைப் பாருங்கள்: முன்பு எத்தனை வகைக் கீமோ எடுத்திருக்கலாம், ஹெர்2 போன்ற முடிவு என்னவாக இருக்க வேண்டும், நோயாளி எந்த அளவுக்கு நடமாட வேண்டும். மூன்றும் பொருந்தினால் பதிவு எண்ணைக் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். சேர்வதற்கு நோயாளியிடம் பெருந்தொகை கேட்டால் அங்கேயே நிறுத்தி, உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

குழுவில் சேரும் முன்

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் அனுபவம் நிறையக் கிடைக்கும். அதில் பாதி உங்கள் நிலைக்குப் பொருந்தாது. சேர்ந்ததும் எழுதாமல் ஒரு வாரம் படியுங்கள். யாராவது பொடி, சாறு, டானிக் விற்றால் அட்மின் தடுக்கிறாரா? "கீமோவை நிறுத்துங்கள்" என்ற பேச்சுக்கு மறுப்பு வருகிறதா? கேள்வி கேட்டவருக்குத் தனி மெசேஜில் வந்து ஃபோன் நம்பர் கேட்கிறார்களா? மூன்றாவது நடந்தால் வெளியேறிவிடுங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடும் முன் பெயர், மருத்துவமனை எண், பார்கோடு மூன்றையும் மறையுங்கள். உங்களைப் போலவே அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருடம் கடந்த ஒருவர் கிடைத்தால், நூறு பேர் உள்ள குழுவைவிட அவரோடு பேசும் அரை மணி நேரம் பயன் தரும்.

பணம்

சமூகப் பணியாளரிடம் போகும்போது டாக்டர் கையெழுத்திட்ட செலவு மதிப்பீடு, நோய் உறுதிச் சான்று, வருமானச் சான்று, அடையாள அட்டை நான்கையும் நகல்களோடு கொண்டுபோங்கள். விண்ணப்பங்கள் தங்கிப்போவது பெரும்பாலும் தாள் குறைவதால்தான். பல உதவிகள் செலவழித்த பணத்தைத் திருப்பித் தராது. சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். விலை உயர்ந்த மருந்தை எழுதினால், "கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் இதற்கு இருக்கிறதா?" என்று முதல் டோஸுக்கு முன் கேளுங்கள். பாதியில் சேர அனுமதிக்காத திட்டங்கள் உண்டு.

வலி தணிப்பு, வீட்டார்

வலி தணிப்புச் சிகிச்சை என்றதும் 'கடைசிக் கட்டமா?' என்று வீட்டில் அஞ்சுவார்கள். வாந்தி நிற்காதது, வயிற்றில் நீர் கோப்பது, இரைப்பை வாய் அடைத்துக்கொள்வது, தூக்கமின்மை எல்லாவற்றையும் பார்ப்பது அந்தக் குழுதான். கீமோ நடக்கும்போதே அவர்களிடம் போகலாம், போவது நல்லது. அடைப்புக்கு ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்கலாமா, நீரை எடுக்கலாமா என்ற கேள்விகளுக்கும் அங்கே பொறுமையாகப் பதில் கிடைக்கும்.

கவனித்துக்கொள்பவர் தனக்கென ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். நோயாளியின் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அவருக்கு இருக்கும். மனநல ஆலோசகர்கள் குடும்பத்தாரையும் தனியாகப் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஸ்' வகை (செல்கள் ஒரே கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவரில் சிதறிப் பரவுவது) என்று இருந்து நோயாளி 50 வயதுக்குக் கீழே இருந்தாலோ, ரத்த உறவில் வேறு ஒருவருக்கும் இரைப்பைப் புற்றுநோயோ லோபுலர் வகை (பால் சுரப்பிகளில் தோன்றும்) மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தாலோ, மரபணு ஆலோசகரிடம் அனுப்பும்படி டாக்டரைக் கேளுங்கள். அங்கே போகும் முன் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் கேன்சர் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள். பரம்பரையாக வரும் இந்த வகைக்குக் காரணமாகும் சிடிஹெச்1 மரபணுவில் மாற்றம் உண்டா என்று முதலில் நோயாளியின் ரத்தத்தில் பார்ப்பார்கள். இருந்தால்தான் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் டெஸ்ட். முடிவுத் தாளின் நகலை அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். அவர்களுடைய டாக்டர் அதில் உள்ள மாற்றத்தின் சரியான பெயரைப் பார்த்துத்தான் டெஸ்ட் எழுதுவார்.