காருக்கு அடியில் 'டொக் டொக்' சத்தமா? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

கார் ஓடும்போது கீழே எங்கிருந்தோ 'டொக்' என்று கேட்டால், "சஸ்பென்ஷன் போச்சு, மொத்தமா மாத்திரணும்" என்று சொல்ல ஆள் தயாராக இருக்கும். அவசரப்படாதீர்கள். எதைக் கழற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் சீக்கிரமே வரும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும், மணல் ரப்பர் உறையின் மடிப்புக்குள் போய் உட்காரும். 2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, வீட்டுக் கார்களே தனுஷ்கோடி மணல்காற்றுக்குள் போய் வருகின்றன.

முதலில் காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் உருளும் ஜாக்கி, சரியாக இறுக்காத ஸ்டெப்னி, சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் செலவு மிச்சம்.

அப்புறம் வீல் நட். சமீபத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே, எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். தளர்ந்த நட்டோடு ஓட்டினால் சக்கரமே கழன்று போகும்.

இப்போது சத்தத்தைக் கேளுங்கள். ஆளில்லாத இடமாகப் பாருங்கள், பாம்பன் பாலம் மட்டும் வேண்டாம். 1988-இல் திறந்த அந்தப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது எந்தக் காரும் 'டக் டக்' என்றுதான் சொல்லும். ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்து வட்டமடிக்கும்போது 'டிக் டிக் டிக்' என்று வந்து, வேகத்தோடு சத்தமும் வேகமெடுத்தால் ஆக்ஸில் ஜாயிண்ட், அதாவது என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. இடப்பக்கம் ஒடிக்கும்போது கேட்டால் பெரும்பாலும் வலப்பக்க ஜாயிண்டாக இருக்கும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே 'டொங்' என்று ஸ்பிரிங் துள்ளினால், ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங்கோ உடைந்த ஸ்பிரிங்கோ காரணம். சின்னச் சின்னப் பள்ளத்தில் 'கடகட' என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராடு, அதாவது வண்டி சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னக் கம்பி. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது ஒரே ஒரு 'டக்' வந்தால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர்), என்ஜின் மவுண்ட் (என்ஜினைத் தாங்கும் ரப்பர்) இரண்டையும் பாருங்கள். சைலன்சரில் 'பட் பட்' என்று வெடித்தால் அது வேறு கதை, என்ஜின் மிஸ்ஸிங், அதாவது எரிபொருள் சரியாக எரியாதது. ஸ்பார்க் பிளக்கில் தொடங்க வேண்டும்.

கண்ணாலும் கையாலும் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டால், ஜாக்கி போடாமலே சக்கரத்துக்குப் பின்னால் ஆக்ஸில் பூட் தெரியும். மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறை அது. விரலால் மடிப்பை விரித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, ரிம்மின் உட்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தாலோ பூட் கிழிந்துவிட்டது. இன்னும் சத்தம் வரவில்லை என்றால் ஜாயிண்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸும் புது பூட்டும் போட்டால் தப்பிக்கலாம். சத்தம் தொடங்கிவிட்டால் கிரீஸில் கலந்த மணல் அரம்போல ஜாயிண்டைத் தேய்த்திருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன் சக்கரம் இரண்டும் சமதரையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு, தேய்ந்த ராடுகூட இறுக்கமாகத் தெரியும். பல இடங்களில் இப்படித்தான் லிங்க் ராடு தப்பித்து, பாவம், நல்ல ஷாக் அப்சார்பர் மாட்டிக்கொள்கிறது.

அடுத்து சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது. கெட்டியான சமதரையில் மட்டும் செய்யுங்கள், வீட்டு முன்னால் இருக்கும் மணலில் ஜாக்கி புதைந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் காருக்கு அடியில் கையையோ தலையையோ விடவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு. இந்த ஆட்டத்தோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

நீங்களே செய்யக்கூடியது லிங்க் ராடு. முந்தின நாள் இரவே நட்டில் துருவை இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். மறுநாள் முன்பக்கத்தின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றுங்கள். நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பல கார்களில் அதைப் பிடித்து நிறுத்த போல்ட் நுனியில் ஆலன் கீ ஓட்டை இருக்கும். நம் பக்கத்துக் கார்களில் அந்த ஓட்டை முழுக்கத் துருவும் மணலுமாக அடைத்துக் கிடக்கும். ஆணி நுனியால் அடிவரை சுரண்டி எடுத்த பிறகே கீயைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டை வழுக்கி, கட்டர் வைத்து அறுக்க வேண்டிவரும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. லோயர் ஆர்ம் புஷ் மாற்றக் கொடுத்தால், "வண்டியை இறக்கி வச்சுட்டு கடைசி இறுக்கு இறுக்குங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். டை ராடு எண்ட் மாற்றினால் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவுவதில் அர்த்தமில்லை, நல்ல தண்ணீர் ரெண்டு பக்கெட் இருந்தாலும் போதும். அதை முதலில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஈர மணல் அங்கேதான் தங்கும், ஸ்பிரிங்கும் பெரும்பாலும் அடியில் இருக்கும் கடைசிச் சுற்றில்தான் உடையும்.