டெண்டர் வந்திருக்கிறது, எந்த விதிப்புத்தகத்தைத் திறப்பது?

"கவர்மென்ட்டுக்குச் சரக்கு கொடுக்கணும்னா ரூல் போடுறது யாரு?" பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், ஒரே தலைமை என்று எதுவும் இல்லை. 2012-ல் மக்களவையில் பொதுக் கொள்முதல் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. 2014-ல் அவையின் காலம் முடிந்ததும் அதுவும் காலாவதியாகிவிட்டது. அதனால் டெண்டர் அறிவிப்பை எதிரே வைத்துக்கொண்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: வாங்குவது யார்?

விலையைப் பார்க்கும் முன் அலுவலகத்தின் பெயரைப் பாருங்கள். பெங்களூரில் எல்லா வகையும் உண்டு. இஸ்ரோ மத்திய அரசுத் துறையைச் சேர்ந்தது. எச்.ஏ.எல்., பி.இ.எல். இரண்டும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள். குடிநீர் வாரியமும் மின்சாரம் வினியோகிக்கும் பெஸ்காமும் கர்நாடக அரசின் கீழ் வருபவை. எல்லாம் சர்க்கார்தானே என்று அத்தனை பேருக்கும் ஒரே காகிதக் கட்டை அனுப்பினால் வேலைக்கு ஆகாது.

படி 2: மத்திய அரசு என்றால்

அடிப்படை, நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட 'பொது நிதி விதிகள் 2017'. பொருளும் சேவையும் வாங்குவது பற்றி அதன் ஆறாம் அத்தியாயம் பேசுகிறது. முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம், அந்த ஒரு அத்தியாயம் போதும். அதே துறையில் இருக்கும் கொள்முதல் கொள்கைப் பிரிவு, இந்த விதிகளை விளக்கும் கையேடுகளையும் சுற்றறிக்கைகளையும் வெளியிடுகிறது.

ஆனால் மற்ற அமைச்சகங்களும் கொள்முதலில் கை வைக்கின்றன. உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் 2017 ஆணை, தொழில் ஊக்குவிப்புத் துறையுடையது. பொருளின் மதிப்பில் 50 சதவீதமாவது உள்நாட்டில் உருவானால்தான் நீங்கள் முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர். அரசு அலுவலகங்கள் ஆன்லைனில் பொருள் வாங்கும் ஜெம் போர்ட்டல் 2016-ல் வந்தது, அது வணிக அமைச்சகத்தின் பொறுப்பு. ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் தனிப் புத்தகங்கள் உண்டு.

சிறு பட்டறைக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது, சிறு, குறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணை. அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1,000 பிராக்கெட்டுக்கு டெண்டர். ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆகிறது. நீங்கள் போட்டது 112. எல்-1 விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 100 ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதித்தால் உங்களுக்கு 250 வரை, அதாவது கால் பங்கு வரை, கிடைக்கலாம். உங்களைப் போல இன்னும் சிலர் அந்த வரம்புக்குள் இருந்தால் அந்த 250-ஐப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எல்-1 ஆனவரே சிறு நிறுவனம் என்றால் இந்தப் பேச்சே எழாது. இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்து விலக்கும் உண்டு, டெண்டர் படிவமும் இலவசம். இதற்கெல்லாம் சிறு, குறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவு வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பொதுத்துறை நிறுவனங்கள் தங்களுக்கென்று கொள்முதல் கையேடு வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மேலே சொன்ன 2012, 2017 ஆணைகள் அவற்றையும் கட்டுப்படுத்தும்.

படி 3: மாநில அரசு என்றால்

1999-ம் ஆண்டின் கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும், அதன் கீழ் வந்த 2000-ம் ஆண்டு விதிகளையும் எடுங்கள். செய்தித்தாளில் '4(ஜி) விலக்கு' என்று அடிக்கடி அடிபடுகிறதே, அது இந்தச் சட்டத்தின் பிரிவுதான். டெண்டர் நடைமுறையிலிருந்து ஒரு கொள்முதலுக்கு அரசு விலக்குத் தர அது வழி விடுகிறது. என்னைக் கேட்டால், அளவுக்கு மீறித் திறந்துவிடப்பட்ட கதவு அது.

மத்திய அரசின் 2012 ஆணை மாநில அலுவலகங்களைக் கட்டாது. உத்யம் சான்று இருக்கிறதே என்று இ.எம்.டி. கட்டாமல் விட்டால் கவரைத் திறந்ததுமே ஓரமாக வைத்துவிடுவார்கள். விலக்கு உண்டு என்று டெண்டரிலேயே எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். ஓசூரிலும் யூனிட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு 1998-ம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அது வேறு.

படி 4: பணம் எங்கிருந்து வருகிறது?

உலக வங்கி போன்ற அமைப்பின் கடனில் நடக்கும் திட்டம் என்றால், கடன் கொடுத்தவரின் கொள்முதல் விதிகள் முன்னுக்கு வரும். அறிவிப்பின் முதல் பத்தியிலேயே இது இருக்கும்.

படி 5: மனக்குறை இருந்தால்

பலர் நேராக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதுகிறார்கள். அது ஊழலைப் பார்க்கும் இடம், உங்கள் டெண்டர் முடிவைத் திருத்தித் தராது. மத்திய அலுவலகம் என்றால் முதலில் வாங்கும் அலுவலகத்திடமே நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பொது நிதி விதிகளின் விதி 173 அதற்கு இடம் தருகிறது. கர்நாடகச் சட்டத்தில் 16-ம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு, ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். அதனால் ஆணை வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.