பவுடர் மணமுள்ள சென்ட்டுக்குப் புடவை மடிப்பே ஏற்ற இடம்

பூமணத்தோடு முகப்பவுடரின் மென்மையும் வெதுவெதுப்பும் கலந்த சென்ட்டைக் காரைக்குடி வெயிலில் கழுத்திலும் மணிக்கட்டிலும் அடித்துக்கொள்வதைவிட, உடுத்துவதற்கு அரை மணி நேரம் முன்பே கண்டாங்கிப் பருத்திப் புடவையின் உள்மடிப்பில், ஓரடி தள்ளிப் பிடித்து, 2 முறை மட்டும் தெளித்து உலரவிடுங்கள். குறைந்த அளவிலேயே நெடுநேரம் மணக்கும்.

இத்தகைய சென்ட்டுகளுக்கு அந்தப் பவுடர் தன்மையைத் தருபவை பெரும்பாலும் ஐரிஸ் செடியின் உலர்ந்த கிழங்கு, வெனிலா, கஸ்தூரியை ஒத்த செயற்கை மணப்பொருள்கள் ஆகியவையே. மெதுவாக ஆவியாகும் இப்பொருள்கள் சூடான தோலில் வேகமாகக் கிளம்பி, வியர்வையோடு சேர்ந்து திகட்டிவிடும். பருத்தி நூலோ அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு சிறிது சிறிதாகவே வெளிவிடும். முதலில் எழும் பூவாசம் தணிந்தபின் வரும் இதமான அடிமணத்துக்காகத்தானே (என்னைப் பொறுத்தவரை) இந்த வகையை வாங்குகிறோம், அது துணியில்தான் நிதானமாக வெளிப்படுகிறது.

பட்டுப்புடவைக்கு இம்முறை ஆகாது, கறை படியும். வெனிலா மிகுந்த சென்ட் வெள்ளைத் துணியையும் நாளடைவில் மஞ்சளாக்கக்கூடும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) சாம்பிராணிப் புகையும் தலையில் மல்லிகைச் சரமும் நிறைந்திருக்கும் கல்யாண நாளில் இந்த நுண்ணிய மணம் எடுபடாது என்பதால், அன்று சென்ட்டையே தவிர்த்துவிடலாம்.