பூட்டிய வீட்டின் குழாயைத் திறக்கும் முன்

திருநெல்வேலிச் சீமையில் பூர்வீக வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊர் போய் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாய்களைத்தான். பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளைக் கொண்ட தாமிரபரணியின் கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீருக்கா பஞ்சம் என்ற நம்பிக்கையோடுதான் 2025 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து 16 நாள் விடுப்பில் போனேன். அவற்றில் 9 நாட்கள் ஒரு குடிநீர் இணைப்புக்காகவே கழிந்தன.

2022இல் அம்மா இறந்ததிலிருந்து வீடு பூட்டியே கிடந்தது. கதவைத் திறந்ததும் பட்டாசல் (கூடம்) முழுவதும் சாக்கடை வாடை. அடுக்களையில் பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கும் குளியலறைக்கும் கீழே கழிவுக்குழாய் வளைந்து போகும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. ஆள் புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். போனதும் ஒவ்வொரு கழிவுத் துளையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். திரும்பக் கிளம்பும் நாளில் மறுபடி ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வற்றாது.

மோட்டாரை அவசரப்பட்டுப் போடாதீர்கள். நெடுநாள் ஓடாத மோட்டார் துருவேறி இறுகியிருக்கும். சுவிட்சைப் போட்டால் சுற்றாமல் உறுமும். அந்தச் சத்தம் கேட்ட உடனே அணைக்காவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி, காற்றாடியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அரைச் சுற்றுக்கு மேல் நகரவில்லை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வும் (தண்ணீரை மூடித் திறக்கும் திருகு) அப்படியே இறுகிப் போயிருந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு, தண்டைச் சுற்றி வெள்ளையாகக் கட்டியிருந்ததைப் பார்த்தும் குறடு வைத்து முறுக்கினேன். தண்டு ஒடிந்து கையோடு வந்துவிட்டது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். மாதம் ஒருமுறை முழுவதும் மூடித் திறந்திருந்தால் அந்த வால்வு இன்னும் பல வருடம் உழைத்திருக்கும்.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். தெருவில் எல்லார் வீட்டிலும் விடிகாலையில் ஆற்றுத் தண்ணீர் வந்தது; எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்று வருடக் கட்டணம் நிலுவையில் இருந்ததால் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். பாக்கியைக் கட்டினால் முடிந்தது என்று நினைத்து உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாள் உரியவர் இல்லை. இரண்டாம் முறை, வீட்டு வரி ரசீதும் வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை, இணைப்பு இறந்தவர் பெயரில் இருப்பதால் பெயர் மாற்றாமல் திரும்பத் தர முடியாது என்றும், அதற்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் தேவை என்றும் சொன்னார்கள். நான்காம் முறை, மற்ற வாரிசின் இசைவுக் கடிதம் வேண்டுமென்றார்கள்; டொரண்டோவில் இருக்கும் தங்கை ஒரு நாள் விடுப்பு எடுத்து, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினாள். இவை அனைத்தையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம், ஒருவரும் தரவில்லை. கடைசியில் ஓர் உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் இணைப்பைக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தில் அப்பாவின் பெயருக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ‘இறந்தவர்’ என்று என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இ-சேவை மூலம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்பா, அம்மா பெயரில் என்னென்ன இணைப்புகள் இருக்கின்றன என்று இப்போதே ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

அந்த ஒன்பது நாளும் பக்கத்து வீட்டுச் சித்திதான், முட்டு வலியோடு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். நான் தடுத்தபோது, “ஒங்க அம்மை சாவுறதுக்கு மொத மாசம் வரைக்கும் மச்சுல ஏறி அந்தத் திருகை மூடித் தொறந்துட்டுதான்யா இருந்தா. நீங்க யாராவது வருவியன்னு சொல்லிக்கிட்டே செய்வா” என்றாள். அப்பா சொல்லிக் கொடுத்த வேலை அது. எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கீழ்த்தொட்டியைத் திறந்தபோது அடியில் அரை அடிக்குச் சேறு; 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளம் மூடியின் இடுக்கு வழியே இறங்கி விட்டுப்போனது. சேற்றை அள்ளித் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிய பின், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 1 மணி நேரம் விட வேண்டும். முதல் நாள் குழாயில் வருவதைக் குடிக்காதீர்கள். தொட்டி மூடிக்கும் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். டெங்குக் கொசு வளர்வது தேங்கிய நல்ல தண்ணீரில்தான். மாடியில் வெயில் படும் பிவிசி குழாய்கள் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பிளம்பரைத் தேடும்போது உறவினர் சிபாரிசு செய்பவரை விட, அந்தத் தெருவில் ஏற்கெனவே குழாய் போட்டவரைக் கூப்பிடுங்கள். மண்ணுக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எங்களுக்கு வந்தவர் தார்சாவில் (வாசலை அடுத்த முன்னறையில்) நின்றபடியே ஒரு கல்லைக் காட்டி, அதன் கீழேதான் இணைப்பு என்றார். தோண்டினால் அங்கேதான் இருந்தது.

சாவியின் ஒரு நகல் இப்போது அவரிடம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு வந்து, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டி, எல்லா வால்வுகளையும் மூடித் திறந்து, அங்கணத்தில் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போக வேண்டும் என்று பேசி, கூலியை மாதாமாதம் அனுப்புகிறேன். சித்தி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. தண்ணீர் ரசீது அப்பா பெயரிலேயே வருகிறது.