பிரளயக் கதைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்துப் பிரளயக் கதையைச் சொன்னால், "அப்படியே நோவா கதை மாதிரி இருக்கே!" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. ஒற்றுமை கண்ணில் பட்டதும் விசாரணையை நிறுத்திவிடுகிறோம். வெள்ளம் வந்தது, ஏதோ மிதந்தது, உலகம் மறுபடி தொடங்கியது. சரி, வெள்ளம் ஏன் வந்தது? மிதந்ததற்குள் என்ன இருந்தது?

நோவா கதை வரும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் மனிதர்களின் அக்கிரமம் பெருகியதால் வெள்ளம் வருகிறது. பேழைக்குள் நோவாவின் குடும்பமும் விலங்குகளும் இருக்கின்றன. பாபிலோனின் அட்ராகாசிஸ் கதையில், மனிதர்கள் போடும் சத்தத்தில் என்லில் என்ற தெய்வத்துக்குத் தூக்கம் கெடுகிறது; அதனால் வெள்ளம் வருகிறது. கும்பகோணத்திலோ யார் மேலும் குற்றமில்லை. யுகம் முடிகிறது, பிரளயம் வருகிறது. வெள்ளத்தில் மிதக்கும் பிரம்மாவின் கும்பத்துக்குள் அமுதமும் படைப்புக்கான விதையும்தான், மனிதர் ஒருவரும் இல்லை. வேடனாக வந்த சிவன் அம்பெய்து கும்பத்தை உடைக்கிறார். வழிந்த அமுதம் மகாமகக் குளத்தில் தேங்குகிறது. குடத்தின் வாய் குடவாசலில் போய் விழுகிறது. நோவா கதை உயிர் பிழைத்தவர்களைப் பற்றியது. இது இந்த மண் எப்படிப் புனிதமானது என்று சொல்லும் தலபுராணம். இரண்டும் செய்கிற வேலையே வேறு.

அடுத்தது, "யாரைப் பார்த்து யார் எழுதினார்கள்" என்ற அவசரம். கடன் வாங்கியதைக் காட்ட, தற்செயலாகப் பொருந்த முடியாத நுணுக்கங்கள் வேண்டும். 1872இல் ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆய்வாளர் லண்டனில் படித்த களிமண் பலகையில் அவை இருந்தன. பாபிலோனியரின் கில்காமேஷ் காவியத்தின் அந்தப் பகுதியில் படகு மலையில் தட்டி நிற்கிறது. நிலம் தெரிகிறதா என்று பார்க்கப் புறாவும் காகமும் பறக்கவிடப்படுகின்றன. கரையேறியவர் பலியிட, அதன் வாசனையைத் தெய்வங்கள் முகர்கின்றன. நோவா கதையிலும் இதெல்லாம் உண்டு. யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனதும் வரலாறு. கும்பகோணக் கதைக்கு அப்படி ஒரு தொடர்பைக் காட்ட முடியாது. கொள்ளிடம் கரை புரள்வதைப் பார்த்த ஊர்களில் வெள்ளக் கதை பிறக்க யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஒரு கதையை வைத்துக்கொண்டு "தமிழர் பார்வை இதுதான்" என்று தீர்ப்பு எழுதுவது. இதே டெல்டாவில் சீர்காழியில் பிரளயத்தின்போது சிவன் அறுபத்துநான்கு கலைகளோடு தோணியில் வருகிறார். திருப்புறம்பியத்தில் பிள்ளையார் வெள்ளத்தை ஊருக்குள் விடாமலே தடுக்கிறார். மணிமேகலையில் இந்திரவிழாவை மறந்த குற்றத்துக்காகப் புகார் நகரைக் கடல் கொள்கிறது. ஆக, குற்றத்தால் வந்த அழிவும் நம்மிடம் உண்டு. ஆதியாகமத்தையும் ஒரே குரலாகப் படிக்கக் கூடாது: முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதன், இரண்டாவதில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள்.

நம்முடையது வரலாறு, அவர்களுடையது கட்டுக்கதை என்று ஆரம்பித்தால் அது ஒப்பீடே இல்லை.

அப்புறம், ஏட்டை மட்டும் படித்துவிட்டுச் சடங்கை விட்டுவிடுவது. பாபிலோனியர் தங்கள் படைப்புக் கதையான எனுமா எலிஷைப் புத்தாண்டு விழாவில் ஓதினார்கள். இங்கே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மகாமகம்; போனது 2016, அடுத்தது 2028. ஒப்பிட நினைப்பவர்கள் அப்போது குளக்கரைக்கு வந்து, நீராட வருபவர்களிடமே கேட்கலாம்: பிரளயத்தைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள், பாவம் தீர்வதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று.